ஸ்டீரியோ பாட்டை மோனோல கேட்டா எது போகும், எது நிக்கும்

எங்க வீட்டு ஹால்ல ரெண்டு ஸ்பீக்கர் இருக்கு. ஒண்ணு சமையலறை நிலைக்குப் பக்கத்துல, இன்னொண்ணு பால்கனி கதவு ஓரமா. நடுவுல டிவி, எதிர்ல சோபா. அந்த சோபாவோட நடு சீட்டுல உக்காந்தாதான் ஸ்டீரியோ ஸ்டீரியோவா கேக்கும், ஆனா ஞாயித்துக்கிழமை காலைல பாட்டு ஓடுற நேரத்துல அந்த சீட்டுல யாருமே இருக்க மாட்டோம், அம்மா அடுப்புகிட்ட, அப்பா பால்கனில பேப்பரோட, நான் துணி மடிச்சிக்கிட்டு அங்கயும் இங்கயும். அப்படி ஒரு நாள் பீட்டில்ஸ்ங்கற இங்கிலாந்துப் பாட்டுக் குழுவோட முதல் எல்பி தட்டோட ஸ்டீரியோ பதிப்பைப் போட்டிருந்தேன். கொஞ்ச நேரத்துல அம்மா கரண்டியோட எட்டிப் பாத்து, "என்னப்பா இது, வெறும் கிட்டாரும் டிரம்முமா ஓடுது, பாடவே மாட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. பால்கனில இருந்து அப்பா, "நல்லாத்தானடா பாடுறாங்க, மியூசிக்தான் பக்கத்து வீட்ல வாசிக்கிற மாதிரி இருக்கு"ன்னாரு.

ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். 1963-ல லண்டன்ல அந்த ரெக்கார்டிங்கை ரெண்டே ட்ராக் உள்ள டேப் மிஷின்ல எடுத்தாங்க, ஒரு ட்ராக்ல வாத்தியம், இன்னொரு ட்ராக்ல குரல். அப்படிப் பிரிச்சி எடுத்ததே பின்னாடி குரலையும் வாத்தியத்தையும் அளவு பாத்து ஒண்ணாக் கலந்து, எல்லாம் ஒரே சேனல்ல வர்ற மோனோ ரெக்கார்டு போடத்தான். ஆனா ஸ்டீரியோ எல்பியும் வேணும்னு ஆனதும் அந்த ரெண்டு ட்ராக்கையும் இடம் ஒண்ணு வலம் ஒண்ணுன்னு போட்டு வெளியிட்டுட்டாங்க. எங்க வீட்ல இடது ஸ்பீக்கர் சமையலறைப் பக்கம், அதனால அம்மாவுக்கு வாத்தியம் மட்டும், அப்பாவுக்கு குரல் மட்டும். அன்னிக்குத்தான் மாமா குடுத்த பழைய ஆம்ப்ல (ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்ளிஃபயர்) முன்னாடியே இருந்த மோனோ பட்டனை முதல் தடவையா அழுத்துனேன், ரெண்டு பேருக்கும் முழுப் பாட்டு போய்ச் சேந்துது.

மோனோன்னாலே ஏதோ பாட்டுல பாதியை வெட்டிப் போடுறதுன்னுதான் நிறைய பேர் நெனைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நெனைச்சிருந்தேன். உண்மையில என்ன நடக்குதுன்னு புரிஞ்சிக்க ஒரே ஒரு கணக்கு போதும், கூட்டல் கழித்தல். இடது சேனல், வலது சேனல்னு ரெண்டு சிக்னல் வருது இல்லையா, இந்த ரெண்டையும் கூட்டினா ஒரு சிக்னல் கெடைக்கும், ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சா இன்னொரு சிக்னல் கெடைக்கும். நடுவுல நிக்கிற பாடகர் குரல் ரெண்டு சேனல்லயும் அச்சு அசலா ஒண்ணா இருக்கும், அதனால கூட்டுனா வலுக்கும், கழிச்சா காணாமப் போகும் (பாட்டுல இருந்து குரலை எடுத்துட்டு கரோக்கி பண்ற பழைய வித்தை இந்தக் கழித்தல்தான்). மோனோ பட்டன் செய்யிறது அந்தக் கூட்டலை மட்டும் வெச்சிக்கிட்டு கழித்தலை விட்டுடுறது. ஓரத்துல இருக்குற வயலினும் போகாது, அது ஒரு சேனல்ல இருக்குறதால கூட்டல்லயும் இருக்கும். போறது அது எந்தப் பக்கத்துல இருக்குங்கற தகவல்.

ஆனா அளவு கொஞ்சம் மாறும். நடுவுல இருக்குறது ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குறதால கூட்டும்போது ரெட்டிப்பாகுது, ஓரத்துல இருக்குறதும் ரெண்டு பக்கமும் வேற வேறயா பரவிக் கெடக்குற ரிவெர்ப்பும் (ஹால்ல எதிரொலிச்சித் தேயுற சத்தம்) அந்த அளவுக்கு ஏறாது. கணக்குப் போட்டா ஸ்டீரியோல கேட்டதை விட குரல் மத்ததுக்கு மேல சுமார் 3 டெசிபல் தூக்கி நிக்கும். அதுதான் மோனோ அழுத்துன உடனே "குரல் முன்னாடி வந்துடுச்சி, எக்கோ கொறஞ்சிடுச்சி"ன்னு தோணுறது. உங்க வீட்லயும் செஞ்சி பாக்கலாம், பெரிய ஹால்ல பாடுன மாதிரி ரிவெர்ப் ஊத்தி வெச்ச ஒரு பாட்டைப் போட்டு, பல்லவி முடிஞ்சி குரல் தேயுற அந்த வால் பகுதில மட்டும் பட்டனை அழுத்தி அழுத்தி விடுங்க, வால் நீண்டு நீண்டு சுருங்குறது தெளிவாத் தெரியும்.

ஸ்டீரியோவைக் கட்டுனவங்களே இந்தக் கூட்டலை அஸ்திவாரமா வெச்சிதான் கட்டுனாங்க. ஆலன் ப்ளூம்லைன்னு இஎம்ஐ கம்பெனில வேலை பாத்த இங்கிலீஷ் இஞ்சினியர், 1931 டிசம்பர்ல 394325-ங்கற நம்பர் கொண்ட பேட்டண்டுக்கு விண்ணப்பிச்சாரு, அதுலயே ரெண்டு மைக்கோட சிக்னலைக் கூட்டியும் கழிச்சும் கையாளுற முறை இருக்கு, தட்டுல முள்ளு ஓடுற ஒரே பள்ளத்துல ரெண்டு சேனலை வெட்டுற முறையும் இருக்கு. 1942-ல ரேடார் சோதனைக்குப் பறந்த விமானம் விழுந்து அவரு செத்துப் போனாரு, ஸ்டீரியோ எல்பி கடைக்கு வந்தது அதுக்கு 16 வருஷம் கழிச்சி 1958-ல. அந்த எல்பி பள்ளத்துல முள்ளு இடமும் வலமும் ஆடுற அசைவு கூட்டல், மேலயும் கீழயும் ஆடுற அசைவு கழித்தல். அந்தப் பக்கவாட்டு அசைவைத்தான் பழைய மோனோ பிளேயரெல்லாம் ஏற்கனவே படிச்சிட்டு இருந்துது, அதனால ஸ்டீரியோ தட்டுலயும் மோனோக்காரனுக்குத் தேவையான முழுப் பாட்டு அவன் தேடுற எடத்துலயே இருந்துது. (அதுக்காக பழைய மோனோ முள்ளை ஸ்டீரியோ தட்டு மேல வெச்சிடாதீங்க, மேலயும் கீழயும் வளைஞ்சி குடுக்காத முள்ளு அந்தப் பள்ளத்தைச் செதுக்கிடும்.)

எஃப்எம் ரேடியோவும் இதே மாதிரிதான். 1961-ல அமெரிக்கா ஏத்துக்கிட்ட ஸ்டீரியோ முறைதான் இன்னிக்கும் ஓடுது. 15 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கூட்டல் சிக்னல் அப்படியே போகும், 19 கிலோஹெர்ட்ஸ்ல "இது ஸ்டீரியோ"ன்னு சொல்ற ஒரு அடையாள ஒலி, அதுக்கு மேல 38 கிலோஹெர்ட்ஸை ஒட்டி கழித்தல் சிக்னல். எஃப்எம்ல மேல போகப் போக இரைச்சல் கூடும், கழித்தல் அந்த உசரத்துல உக்காந்திருக்கு, அதனால சிக்னல் வீக்கானா ஸ்டீரியோதான் முதல்ல கரகரன்னு ஆகும். மோனோவுக்கு மாத்துனா அந்த இரைச்சல் 20 டெசிபலுக்கு மேல கூட எறங்கும். இந்தியாவுலயே முதல் எஃப்எம் நம்ம மெட்ராஸ்ல 1977 ஜூலை 23-ஆம் தேதி வந்துது, அப்புறம் வந்த, ரேடியோவும் கேசட்டும் சேந்த டூ-இன்-ஒன் செட்டுங்கள்ல எஃப்எம் மோனோ, எஃப்எம் ஸ்டீரியோன்னு சுவிட்ச் இருந்தது இதுக்காகத்தான். இப்ப காருக்குள்ள அந்த சுவிட்ச் இல்லாமலே நடக்குது. சென்னைல இருந்து ஜிஎஸ்டி ரோட்ல கிளம்பி செங்கல்பட்டு தாண்டிப் போகும்போது கவனிச்சிப் பாருங்க, பாட்டு முதல்ல ஒதறும், அப்புறம் திடீர்னு சுத்தமாகும், ஆனா ரெண்டு பக்கமும் விரிஞ்சிருந்தது நடுவுல வந்து குவிஞ்சிருக்கும். ரேடியோவே கழித்தலைக் கை விட்டுட்டு கூட்டலைக் காப்பாத்தியிருக்கு.

1982-ல சிடி வந்தப்புறம் இந்த ஒழுங்கு போயிடுச்சி. சிடில இடதும் வலதும் தனித்தனி நம்பர் வரிசை, ஒண்ணுக்கு ஒண்ணு எந்தக் கடமையும் கெடையாது. எல்பில முள்ளு துள்ளும்னு பயந்து அடித்தொனியை ரெண்டு பக்கமும் ஒண்ணா வெச்ச கட்டாயமும் போச்சி. ஆம்ப் செய்யிறவங்க மோனோ பட்டனை எடுத்துட்டாங்க, அது பெரிய இழப்புன்னு நான் இப்பவும் நெனைக்கிறேன், ஏன்னா அந்தப் பட்டன் போனதுக்கப்புறம்தான் போனு, புளூடூத் டப்பா, அடுப்பு மேடைல வெக்கிற பேசுற ஸ்பீக்கர்னு ஒத்தை ஸ்பீக்கர் சாமான் வீடு முழுக்க நெறஞ்சிது. நிறைய பாட்டை ஜனங்க இன்னிக்கு மோனோலதான் கேக்குறாங்க, அதுல கொஞ்சம் காணாமப் போகுதுன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியாது.

காணாமப் போறது எப்படின்னா, ரெண்டு வழி இருக்கு. ஒரு வழி நேரடியா, ஒரு கீபோர்டையோ கிட்டாரையோ அகலமாக் காட்டணும்னு அதோட சிக்னலை ஒரு பக்கத்துல தலைகீழாப் புரட்டிப் போட்டிருப்பாங்க, ஸ்டீரியோல அது காதைச் சுத்தி நிக்கும், கூட்டுனா ப்ளஸ்ஸும் மைனஸும் சேந்து பூஜ்யம். ஒரு பாட்டோட இன்டர்லூட் முழுக்க ஒரு ஸ்ட்ரிங்ஸ் பகுதி போன் ஸ்பீக்கர்ல சுத்தமா இல்லாம இருந்ததை நானே கேட்டிருக்கேன், ஹெட்ஃபோன் போட்டா அது இருக்கு.

இன்னொரு வழி நேரத்தால வர்றது, இது கொஞ்சம் நுணுக்கம். சத்தம் ஒரு மில்லிசெகண்ட்ல சுமார் 34 சென்டிமீட்டர் போகும், ஒரு ஸ்கேல் நீளத்தை விட கொஞ்சம் கூட. ஒரு வாத்தியத்துக்கு முன்னாடி ரெண்டு மைக் வெச்சி, ஒண்ணு இன்னொண்ணை விட அந்த 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்துதுன்னா, ரெண்டையும் கூட்டும்போது 500 ஹெர்ட்ஸ்ல சத்தம் அமுங்கி ஒரு பள்ளம், 1500-ல ஒண்ணு, 2500-ல ஒண்ணுன்னு சீப்போட பல்லு மாதிரி வரிசையா விழும், ஏன்னா அந்தந்த எடத்துல ஒரு அலை ஏறும்போது இன்னொண்ணு சரியா எறங்கும். கேக்கும்போது குழாய்க்குள்ள வாசிச்ச மாதிரி இருக்கும். அதனால மைக் ரெண்டையும் ஒரே புள்ளில வெச்சி திசையை மட்டும் திருப்பி எடுத்த ரெக்கார்டிங் மோனோல கம்பீரமா நிக்கும், ப்ளூம்லைன் பேர்ல இன்னிக்கும் வழங்குற ஜோடி மைக் முறை அதுதான். மீட்டர் கணக்குல தள்ளித் தள்ளி வெச்சி எடுத்த ரெக்கார்டிங்குல கொஞ்சம் நிறம் மாறும், பெரிய ஹால்ல எடுத்ததுன்னா எல்லாப் பக்கமும் எதிரொலிச்சி வர்றதால அந்த மாத்தம் ஓரளவு மறைஞ்சிடும். நடுவுல ஒரு மைக்கும் ஓரத்துல வாத்தியத்துக்கு ஒண்ணும்னு தனித்தனியா எடுத்து மிக்ஸர்ல இடம் பிரிச்சதுன்னா கவலையே இல்ல, நம்ம கச்சேரி ரெக்கார்டிங் நிறைய இந்த ரகம், பாடகர் நடுவுல, வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம், மோனோல மூணும் நேரா வந்து உக்காரும்.

பழைய தமிழ்ப் பாட்டுல இன்னொரு சிக்கல் இருக்கு, இதை நான் கொஞ்சம் நின்னு சொல்லணும். 50, 60-கள்ல வந்த சினிமாப் பாட்டெல்லாம் மோனோலதான் எடுத்தாங்க, தியேட்டர்ல மோனோ, இலங்கை வானொலி மீடியம் வேவ்ல மோனோ, கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர்லயும் மோனோ, அதுக்கேத்த மாதிரி குரல் எவ்வளவு, தபேலா எவ்வளவுன்னு நிறுத்து வெச்சிருக்காங்க. பின்னால கேசட்டும் சிடியும் வந்தப்ப "ஸ்டீரியோ"ன்னு அட்டைல போடணுமேன்னு, அதே மோனோ டேப்பை எடுத்து ஒரு பக்கம் பேஸையும் ஒரு பக்கம் ட்ரெபிளையும் தூக்கி விட்டோ, ஒரு பக்கத்தை சில மில்லிசெகண்ட் தாமதிச்சோ, எக்கோ சேத்தோ வெளியிட்டது உண்டு. இது உலகம் முழுக்க நடந்த வேலை, அமெரிக்காவுல கேப்பிடல் கம்பெனி 60-கள்லயே இதுக்கு டுவோஃபோனிக்னு பேர் வெச்சி வித்துச்சி. இப்படி ஒரு டிஸ்க் கைல கெடைச்சா மோனோ பட்டன் எல்லா நேரமும் உதவும்னு சொல்ல முடியாது. பேஸ் ஒரு பக்கம் ட்ரெபிள் ஒரு பக்கம்னு பிரிச்சதா இருந்தா கூட்டுனா திரும்ப கிட்டத்தட்ட பழைய பாட்டு கெடைச்சிடும், ஆனா தாமதம் போட்டதா இருந்தா கூட்டுனா மேல சொன்ன சீப்புப் பல்லு வரும், அப்ப கூட்டவே கூடாது, ஒரு சேனலை மட்டும் எடுத்து ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஓட்டணும். ரெண்டு சேனலையும் தனித்தனியா கேட்டு எது தெளிவோ அதை வெச்சிக்கங்க. எங்கிட்ட இருக்குற ஒரு பழைய பாட்டுத் தொகுப்பு சிடில வலது சேனல் மட்டும் எடுத்துக் கேட்டப்ப, அது நாள் வரைக்கும் கிணத்துக்குள்ள இருந்து வந்த மாதிரி இருந்த குரல் மேலேறி வந்து பக்கத்துல நின்னுது.

இங்க ஒண்ணைப் பிரிச்சிப் புரிஞ்சிக்கணும், மோனோ மிக்ஸ் வேற, ஸ்டீரியோவை மோனோவாச் சேக்குறது வேற. பீட்டில்ஸ் 1967-ல போட்ட சார்ஜெண்ட் பெப்பர் எல்பியோட மோனோ மிக்ஸைக் குழுவே கூட உக்காந்து பாத்துப் பாத்துப் பண்ணுனாங்க, ஸ்டீரியோவை இஞ்சினியருங்க பின்னாடி அவங்க இல்லாம சீக்கிரமா முடிச்சாங்க, ரெண்டுலயும் வேகமும் எஃபெக்ட்டும் சில எடத்துல வேற வேற. அதனால ஸ்டீரியோ சிடியைப் போட்டு மோனோ பட்டன் அழுத்துனா அந்த மோனோ ரெக்கார்டு வந்துடாது. ஆனா 1969-ல இங்கிலாந்துல வந்த யெல்லோ சப்மரீன் எல்பியோட மோனோ பதிப்பு, ஸ்டீரியோவையே கூட்டிப் போட்டதுதான், அதை வீட்லயே பட்டன்ல செஞ்சிக்கலாம். மோனோன்னே கலந்து வெச்ச பதிப்பு ஒண்ணு கெடைக்குதுன்னா அதைத் தேடி வாங்குறது நல்லது, 1987-ல அவங்க முதல் நாலு எல்பியையும் சிடில கொண்டு வந்தப்ப மோனோல மட்டும்தான் போட்டாங்க, 2009-ல மோனோ பெட்டின்னே தனியா வந்துது.

இவ்வளவு போகுதுன்னா மோனோல கூடுறது எதுவும் இல்லையான்னு கேக்கலாம். இருக்கு. ஸ்டீரியோல நடுவுல கேக்குற குரலுக்கு நடுவுல ஸ்பீக்கர் கெடையாது, ரெண்டு பக்கமும் இருந்து வர்ற ஒரே சத்தத்தை நம்ம மூளை நடுவுல வெச்சிக்குது. ஆனா இடது ஸ்பீக்கர் சத்தம் இடது காதுக்கு மட்டும் போகாது, தலையைச் சுத்தி வலது காதுக்கும் கால் மில்லிசெகண்ட் போல லேட்டா போகும், அதனால ஒவ்வொரு காதுலயும் 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழும். சொல்லோட மெய்யெழுத்து தெளிவாக் கேக்குற எடம் அது. அதே குரலை ஒரே ஸ்பீக்கர்ல கேட்டா அந்தப் பள்ளம் இல்ல. கனடாவுல ஆராய்ச்சி பண்ணுன ஃபிளாய்டு டூல் இன்னொண்ணு காட்டுனாரு, ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னாடி மறைச்சி வெச்சி கேக்கச் சொன்னப்ப, ஒத்தை ஸ்பீக்கர்ல மோனோல கேட்டவங்க நல்ல ஸ்பீக்கர் எது, குறையுள்ளது எதுன்னு கறாராப் பிரிச்சாங்க, ஸ்டீரியோல கேட்டப்ப அந்த வித்தியாசம் சுருங்கிடுச்சி. அதனால புது ஸ்பீக்கர் வாங்கப் போனா ஒண்ணை மட்டும் ஓட்டச் சொல்லி பழகுன குரலைக் கேளுங்க. நிஜமான மோனோ வேணும்னாலும் ஒத்தை ஸ்பீக்கர்தான் சரி, ரெண்டு ஸ்பீக்கர்ல மோனோ ஓட்டுனா நடு சீட்டுல அந்தப் பள்ளம் அப்படியே இருக்கும். எங்க வீடு மாதிரி ஆளுக்கு ஒரு மூலைல இருக்குற வீட்டுக்கு ரெண்டுலயும் ஓட்டுறது பரவால்ல, யாருக்கும் எதுவும் கொறையாது.

பட்டன் இல்லாத ஆம்ப் வெச்சிருக்கவங்க இதை எப்படிச் செய்யிறதுங்கறதுல ஒரு ஜாக்கிரதை வேணும். எங்க பழைய ஆம்ப் ஒரு மாசம் ரிப்பேருக்குப் போயிருந்தப்ப கடைல ரெண்டு முனை ஒண்ணாச் சேர்ற ஒரு ஒய் கேபிள் வாங்கி, பிளேயரோட ரெண்டு அவுட்புட்டையும் ஒண்ணா முறுக்குன மாதிரி சேத்து விட்டேன், கடைக்காரரும் அதான் முறைன்னாரு. குரல் வந்துது, ஆனா உச்சத்துக்குப் போற எடமெல்லாம் உடைஞ்சி கரகரன்னு வந்துது, ஏன்னா ரெண்டு அவுட்புட்டும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குது, ஒண்ணு ஏத்தும்போது இன்னொண்ணு எறக்குது, ரெண்டுக்குமே பாரம். அப்புறம் ரெண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வாங்கி, இடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணு வெச்சி சாலிடர் பண்ணி, அந்தப் பக்கம் சேத்து ஆம்புக்கு குடுத்தேன், சுத்தமாயிடுச்சி. ரெசிஸ்டர் ரெண்டும் சேந்தே சில ரூபாதான். ஒரு சிக்னலை ரெண்டாப் பிரிக்க ஒய் கேபிள் ஓகே, ரெண்டை ஒண்ணாக்க ரெசிஸ்டர் இல்லாம கூடாது. ரெக்கார்டு பிளேயர்ல முள்ளு மாட்டியிருக்குற கார்ட்ரிட்ஜ் மட்டும் விலக்கு, அது சின்னக் காயில்தான், நேரா சேத்தாலும் ஒண்ணும் ஆகாது. ஆம்ப்ல இருந்து ஸ்பீக்கருக்குப் போற வயரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒண்ணா சேக்காதீங்க, ஆம்ப் போயிடும்.

வீட்ல தாத்தா காலத்து மோனோ தட்டு இருக்கவங்களுக்கு, கல்கத்தா பக்கம் டம்டம்ல இருந்த ரெக்கார்டு பேக்டரில அடிச்ச அந்த 45, 78 சுத்துத் தட்டுக்கெல்லாம், மோனோ பட்டன் ரொம்பவே உதவும். மோனோ பள்ளத்துல பாட்டு பக்கவாட்டு அசைவுல மட்டும்தான் இருக்கு, ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேலயும் கீழயும் படிக்கிறதெல்லாம் தூசியும் தேய்மானமும் மோட்டார் உறுமலும். கூட்டுனா அது அத்தனையும் விழுந்துடும், பாட்டு தொடப்படாம நிக்கும். ஸ்பீக்கர் வயரிங் சரியான்னு பாக்கவும் இதுதான் வழி, மோனோல போட்டா குரல் நடுவுல கல்லு மாதிரி நிக்கணும், அடித்தொனி காணாம குரல் எங்க இருக்குன்னே தெரியலன்னா ஒரு ஸ்பீக்கர்ல ப்ளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கு.

எங்க சித்தப்பாவுக்கு இடது காது சின்ன வயசுலயே போயிடுச்சி. போன ஐப்பசில ஊருக்குப் போனப்ப திண்ணைல உக்காந்து ஹெட்ஃபோன் மாட்டி ஒரு கச்சேரி கேட்டுட்டு இருந்தாரு, தலையை ஆட்டி தாளம் போட்டுட்டு இருந்தவரு நிறுத்தி, "ஏம்ப்பா, இதுல வயலின் வாசிக்கிறவரு சும்மாவே இருக்காரே?"ன்னு கேட்டாரு. நான் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிப் பாத்தேன், வயலின் முழுக்க இடது பக்கம். அவர் ஐபோன்ல செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டி, அதுல ஆடியோ அண்ட் விஷுவல், அதுல மோனோ ஆடியோன்னு ஒரு சுவிட்ச் இருக்கு, ஆண்ட்ராய்டுலயும் விண்டோஸ்லயும் அதே மாதிரி இருக்கு. அதைப் போட்டுவிட்டு திரும்பக் குடுத்தேன். "இருப்பா"ன்னு கை காட்டிட்டு ஆலாபனையை மறுபடி முதல்ல இருந்து வெச்சாரு, வயலின் பதில் சொல்ற எடம் ஒவ்வொண்ணுலயும் புருவத்தைத் தூக்கி என்னையப் பாத்தாரு, சித்தி காபி கொண்டு வந்து வெச்சது ஆறிப் போற வரைக்கும் ஹெட்ஃபோனைக் கழட்டல.